பஸ்ஸைப் பார்த்து மணி சொன்னார்கள்!

அமெரிக்க மோட்டாரைத் தமிழ்நாட்டுச் சாலைக்குப் பழக்கிய டி.வி.சுந்தரம் அய்யங்காரின் வாழ்க்கை

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையோரம் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். பால்காரர் ஒருவர் இரண்டு பக்கமும் கேன்களைத் தொங்கவிட்டுக்கொண்டு சிறிய வண்டியில் போவார். அடுத்து ஒருவர் வாழைத்தாரைப் பின்னால் கட்டிக்கொண்டு போவார். மீன் கூடையோடு இன்னொருவர் போவார். அது என்ன வண்டி என்று கேட்டால், பள்ளிக்கூடம் போகாத குழந்தைகூட டி.வி.எஸ். என்று சொல்லிவிடும்.

அந்த மூன்று ஆங்கில எழுத்துக்குள் ஒரு மனிதர் இருக்கிறார். டி என்பது அவருடைய ஊர், திருக்குறுங்குடி. வி என்பது தந்தையின் பெயருக்கு முதல் எழுத்து. எஸ் என்பது சுந்தரம். முழுப் பெயர் டி.வி.சுந்தரம் அய்யங்கார்.

அவர் மறைந்தது 1955இல். அந்தச் சிறிய வண்டி பிறந்ததோ 1980இல். அதை அவர் கண்ணால் கூடப் பார்த்ததில்லை. ஆனாலும் அவர் பெயரைத் தாங்கி அது ஓடுகிறது. ஏன்? அதைச் சொல்வதுதான் இந்தக் கதை.

வேலையை விட்டார்

திருநெல்வேலிச் சீமையில், மேற்கு மலையின் அடிவாரத்தில் இருக்கிறது திருக்குறுங்குடி. பெருமாள் கோயிலுக்குப் பெயர்பெற்ற ஊர். அங்கே 1877ஆம் ஆண்டு மார்ச் மாதம் 22ஆம் தேதி சுந்தரம் பிறந்தார்.

படித்த பிள்ளைகள் வக்கீலாக வேண்டும், இல்லாவிட்டால் உத்தியோகம் பார்க்க வேண்டும் என்று பெற்றோர் விரும்பிய காலம் அது. சுந்தரமும் தந்தை சொல்படி முதலில் வக்கீல் தொழிலில் கால் வைத்தார். பிறகு ரெயில்வேயில் வேலை பார்த்தார். அதன் பிறகு ஒரு பாங்கில் வேலை பார்த்தார்.

முதல் தேதி பிறந்தால் சம்பளம் வந்துவிடும். வீட்டில் மனைவி லட்சுமி அம்மாள். குழந்தைகளும் பிறந்துவிட்டார்கள். இப்படி இருக்கிறவர்கள் கையிலுள்ள வேலையை விடுவார்களா? சுந்தரம் அய்யங்கார் விட்டார். முப்பது வயதைத் தாண்டிய பிறகு விட்டார்! அவர் இறங்கிய தொழிலோ, தமிழ்நாட்டில் பலர் பெயர்கூடக் கேட்டிராத மோட்டார் தொழில்.

1911ஆம் ஆண்டை டி.வி.எஸ். நிறுவனம் பிறந்த ஆண்டாகச் சொல்கிறார்கள். மதுரை அவருக்குத் தொழில் நகரம் ஆயிற்று. இன்றும் மதுரையில் டி.வி.எஸ். நகர் என்று ஒரு பகுதியே இருக்கிறது.

மாட்டு வண்டிக் காலம்

அவர் என்ன செய்தார் என்பது விளங்க வேண்டுமானால், அந்தக் காலத்தில் நம்மவர்கள் எப்படிப் பிரயாணம் செய்தார்கள் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே சுமார் 45 கிலோமீட்டர். ரெயில் பாதை அப்போதே இருந்தது. ஆனால் ரெயில் தண்டவாளம் இருக்கிற இடத்துக்குத்தான் போகும். பாதையிலிருந்து தள்ளியிருக்கிற கிராமத்தார் என்ன செய்வது? மார்கழித் திருவாதிரைக்கும் ஆனித் திருமஞ்சனத்துக்கும் நடராஜரைத் தரிசிக்க வேண்டுமானால் மாட்டு வண்டிதான்.

மாடு மணிக்கு நாலு கிலோமீட்டர் நடக்கும். சாயங்காலம் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு கடலூர்ப் பக்கத்தில் வண்டி ஏறினால், வெள்ளாற்றைத் தாண்டிச் சிதம்பரம் கோபுரத்தைப் பார்ப்பதற்குள் பொழுது விடிந்துவிடும். பிரசவ வேதனையில் துடிக்கும் பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதும் அதே வண்டியில்தான். வெள்ளம் வந்தால் ஆற்றங்கரையில் காத்துக் கிடக்க வேண்டும்.

தமிழ்நாடு முழுவதும் இதே கதைதான். மதுரைச் சீமையும் அப்படித்தான் இருந்தது. அந்தச் சாலைகளில்தான் சுந்தரம் அய்யங்கார் பஸ் விட்டார்.

சொன்ன நேரம் சொன்ன நேரம்தான்

அந்தக் காலத்து பஸ்களுக்கு ஒரு கெட்ட பெயர் உண்டு. ஆள் நிரம்பினால்தான் வண்டி புறப்படும். காலை ஏழு மணிக்கு என்பார்கள். ஒன்பது மணிக்கும் டிரைவர் காப்பிக் கடையில் இருப்பார். நடுவழியில் வண்டி நின்றால் பிரயாணிகளின் பாடு திண்டாட்டம்.

சுந்தரம் அய்யங்கார் வேறு விதமாக நினைத்தார். ரெயிலில் வேலை பார்த்தவர் அல்லவா? ரெயிலுக்கு நேரம் உண்டு என்றால் பஸ்ஸுக்கு ஏன் இருக்கக் கூடாது? ஆள் நிரம்பினாலும் நிரம்பாவிட்டாலும் குறித்த நேரத்தில் அவருடைய பஸ் புறப்பட்டது. குறித்த நேரத்தில் போய்ச் சேர்ந்தது. அரை வண்டி ஆளோடு ஓட்டினால் அன்றைக்கு நஷ்டம்தான். ஆனால் அந்த நஷ்டத்தில் அவர் ஒரு பொருளை வாங்கினார். அதுதான் ஜனங்களின் நம்பிக்கை.

டி.வி.எஸ். பஸ் போவதைப் பார்த்து வழியிலுள்ள கிராமத்தார் மணி சொன்னார்கள். கடிகாரம் வைத்திருந்தவர்கள் முள்ளைத் திருப்பி வைத்துக்கொண்டார்கள். மதுரைப் பக்கத்துப் பெரியவர்கள் இதை இன்றும் சொல்வதுண்டு.

நேரத்துக்குப் போவது என்றால் சும்மா இல்லை. அன்றைய சாலையில் மாட்டு வண்டிகளும் குதிரை வண்டிகளும் ஓடின. மாட்டுக்கும் குதிரைக்கும் லாடம் அடிப்பார்கள். லாடத்து ஆணி கழன்று சாலையெல்லாம் கிடக்கும். பஸ்ஸின் டயரில் அது குத்தினால் காற்று போய்விடும். பிறகு நேரம் எங்கே, காலம் எங்கே? இதற்குச் சுந்தரம் அய்யங்கார் கண்டுபிடித்த வழி வேடிக்கையானது. காந்தம் கட்டிய வண்டியைச் சாலையில் ஓட்டி, ஆணிகளைப் பொறுக்க வைத்தார்! டி.வி.எஸ். வரலாற்றைச் சொல்கிற எல்லாரும் மறக்காமல் சொல்கிற செய்தி இது.

அமெரிக்காவிலிருந்து வந்த வண்டி

வெள்ளைக்காரன் ஆண்ட தேசத்தில் பிரிட்டிஷ் வண்டிகள்தான் அதிகம் ஓடியிருக்க வேண்டும். ஆனால் நடந்தது வேறு. 1920களில் இந்தியச் சாலைகளை அமெரிக்க வண்டிகள் பிடித்துக்கொண்டன.

காரணம் இருந்தது. அமெரிக்காவிலும் கிராமத்துச் சாலைகள் அப்போது மண் சாலைகளே. அதனால் அங்கே செய்த வண்டிகள் தரையிலிருந்து உயரமாக நின்றன. பள்ளத்திலும் மேட்டிலும் அடி தட்டாமல் போயின. என்ஜினுக்குப் பலம் அதிகம். ஒரே தினுசு வண்டியை லட்சக்கணக்கில் செய்ததால் விலையும் குறைவு. ஹென்றி ஃபோர்டு 1908இல் கொண்டுவந்த மாடல் டி என்ற கார் மட்டும் 1927க்குள் ஒன்றரைக் கோடி விற்றது!

ஃபோர்டுக்குப் போட்டியாக வந்ததுதான் செவர்லே. அந்தப் பெயருக்குப் பின்னாலும் ஒரு மனிதர் உண்டு. லூயி செவர்லே என்பவர் ஸ்விட்சர்லாந்தில், கடிகாரம் செய்கிறவரின் மகனாகப் பிறந்தார். பிழைப்புத் தேடி அமெரிக்கா போனார். கார்ப் பந்தயத்தில் புகழ் பெற்றார். டியூரண்ட் என்ற முதலாளியோடு கூட்டுச் சேர்ந்து செவர்லே கம்பெனியைத் தொடங்கினார். எந்த ஆண்டு தெரியுமா? 1911! மதுரையில் டி.வி.எஸ். பிறந்த அதே ஆண்டு.

லூயி விரும்பியது பெரிய, வேகமான கார். டியூரண்ட் விரும்பியது சாதாரண ஜனங்கள் வாங்கக்கூடிய மலிவான கார். இருவருக்கும் ஒத்துப் போகவில்லை. 1913இல் லூயி விலகிவிட்டார். பெயரை மட்டும் கம்பெனியிடமே விட்டுப் போனார். பிறகு கம்பெனி ஜெனரல் மோட்டார்ஸ் என்ற பெரிய நிறுவனத்தோடு சேர்ந்தது. செவர்லே கார்கள் உலகமெல்லாம் போயின. பெயருக்கு உரியவரோ செல்வமின்றி 1941இல் இறந்தார்.

1928இல் ஜெனரல் மோட்டார்ஸ் பம்பாயில் ஒரு தொழிற்சாலை வைத்தது. பாகங்கள் கப்பலில் வந்தன. இங்கே பூட்டி வண்டியாக்கினார்கள். பஸ்ஸுக்கும் லாரிக்கும் என்ஜினும் சக்கரமும் அடிச்சட்டமும் மட்டும்தான் வரும். அதற்கு மேல் நம் ஊர்த் தச்சர்களும் கொல்லர்களும் பாடி கட்டினார்கள். அமெரிக்க என்ஜின், தமிழ்நாட்டு மரக்கூண்டு! இரண்டும் சேர்ந்ததுதான் நம் பாட்டன்மார் ஏறிய பஸ்.

அந்த ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளைத் தென்னாட்டில் விற்கும் பொறுப்பு சுந்தரம் அய்யங்காரின் நிறுவனத்துக்கு வந்தது. 1950களில் அவருடைய சுந்தரம் மோட்டார்ஸ்தான் இந்தியாவிலேயே ஜெனரல் மோட்டார்ஸின் மிகப் பெரிய வினியோகஸ்தர் என்று பெயர் வாங்கியது.

விற்ற பிறகும் வேலை உண்டு

வண்டியை விற்றுவிட்டுப் பணத்தை எண்ணுகிறவர் எத்தனையோ பேர். வாங்கியவன் படும் கஷ்டம் பிறகுதான் ஆரம்பமாகும். ஒரு சின்னப் பாகம் உடைந்தால் போதும், ஆயிரக்கணக்கான ரூபாய் வண்டி மரத்தடியில் நின்றுவிடும். உடைந்த பாகம் இருப்பதோ கடலுக்கு அப்பால்!

பஸ் முதலாளியாகவே வாழ்ந்த சுந்தரம் அய்யங்காருக்கு இந்தக் கஷ்டம் தெரியும். ஆகவே வண்டி விற்பது, பழுது பார்க்கும் பட்டறை, உதிரி பாகம் என்ற மூன்றையும் ஒன்றாகக் கட்டினார். மெட்ராஸ் ஆட்டோ சர்வீஸ் என்ற அவருடைய நிறுவனத்தின் பெயரிலேயே சேவை என்ற சொல் இருக்கிறது. அவர் இறக்குமதி செய்தது இரும்பு. அதோடு இங்கே சேர்த்தது பொறுப்பு. அமெரிக்க வண்டி தமிழனுக்கு உறவானது அப்படித்தான்.

இந்த உறவு நம் நாட்டில் மட்டும் அல்ல. ஐரோப்பாவில் இன்றும் ஒரு வேடிக்கையைப் பார்க்கலாம். 1964 முதல் சில ஆண்டுகள் அமெரிக்காவில் எட்டு சிலிண்டர் என்ஜின் வைத்த முரட்டுக் கார்கள் வந்தன. போண்டியாக், மஸ்டாங், கமாரோ, சார்ஜர் என்று அவற்றுக்குப் பெயர்கள். மசில் கார் என்று அவற்றை அழைத்தார்கள். நம் பேச்சில் சொன்னால் பயில்வான் கார்! குதித்துப் பாயும், புலி போல உறுமும், பெட்ரோலையும் குடம் குடமாய்க் குடிக்கும்.

ஐரோப்பாவில் தெருக்கள் குறுகல். பெட்ரோல் விலை அதிகம். பெரிய என்ஜினுக்கு வரியும் அதிகம். அங்கே செய்கிற கார்களும் சிறியவை. ஆனாலும் அந்த அமெரிக்கப் பயில்வான்கள்மேல் ஜெர்மனியிலும் பிரிட்டனிலும் ஸ்வீடனிலும் பலருக்கு ஆசை. ஸ்வீடனின் வெஸ்டெரோஸ் நகரில், கோடைகாலத்தில் ஆயிரக்கணக்கான பழைய அமெரிக்கக் கார்கள் கூடும் திருவிழா பல ஆண்டுகள் நடந்தது.

ஐம்பது அறுபது வயதான கார்கள் எப்படி ஓடுகின்றன? அமெரிக்காவிலிருந்து பாகம் தருவிக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கையில் எண்ணெய்க் கறையோடு கழற்றி மாட்டுகிறார்கள். ஒருவருக்கொருவர் உதவச் சங்கம் வைத்திருக்கிறார்கள். வாங்குவது ஒரு நாள் ஆசை. பராமரிப்பது பல நாள் உழைப்பு. ஐரோப்பாவில் அது பொழுதுபோக்கு. சுந்தரம் அய்யங்கார் காலத்துத் தமிழ்நாட்டிலோ, வண்டி நின்றால் சந்தைக்குப் போகும் நெல் நின்றுவிடும்; ஆஸ்பத்திரிக்குப் போகும் நோயாளி நின்றுவிடுவார்.

கரி பஸ் வந்தது

1939இல் இரண்டாவது உலக யுத்தம் மூண்டது. பெட்ரோல் பட்டாளத்துக்குப் போயிற்று. ஜனங்களுக்குக் கிடைத்தது ரேஷன் பெட்ரோல். பஸ்கள் கொட்டகையில் முடங்கின. இத்தனை ஆண்டு பாடுபட்டுக் கட்டிய தொழில் என்ன ஆகும்?

இங்கேதான் சுந்தரம் அய்யங்காரின் திறமை தெரிந்தது. பெட்ரோல் இல்லாவிட்டால் அடுப்புக் கரி இருக்கிறதே! டி.வி.எஸ். காஸ் பிளாண்ட் என்ற கருவியை உருவாக்கி, செய்து விற்றார்.

அது வேலை செய்யும் விதம் எளிது. பஸ்ஸோடு பெரிய அண்டா போன்ற ஓர் உலையைப் பொருத்துவார்கள். அதில் கரியைக் கொட்டி, குறைந்த காற்றில் எரிய விடுவார்கள். கரி முழுதாக எரியாமல் ஒரு வாயுவாக மாறும். அந்த வாயுவை வடிகட்டி, குளிர வைத்து, என்ஜினுக்குள் அனுப்புவார்கள். பெட்ரோலுக்குப் பதில் அந்த வாயு எரிந்து வண்டி ஓடும்.

கஷ்டமும் உண்டு. அந்த வாயு விஷவாயு. மூடிய இடத்தில் சுவாசித்தால் உயிருக்கே ஆபத்து. வண்டியின் பலமும் குறைந்துவிடும். கிளீனர் விடியுமுன் எழுந்து, கரியை மூட்டி, காற்றுச் சக்கரத்தைச் சுற்ற வேண்டும். மேடு வந்தால் பஸ் முனகும். பிரயாணிகள் இறங்கித் தள்ளுவதும் உண்டு. வெள்ளை வேட்டியோடு ஏறியவர் கரி படிந்த வேட்டியோடு இறங்குவார்! ஆனாலும் பஸ் ஓடியது. சந்தை நடந்தது. அந்தக் காலத்தில் கரி பஸ் ஏறியவர்கள் அதை மறக்கவே இல்லை.

பெட்ரோலைப் போல ரப்பருக்கும் பஞ்சம். 1942இல் மலாயாவை ஜப்பான் பிடித்ததும் ரப்பர் வரத்து குறைந்தது. தேய்ந்த டயர்மேல் புது ரப்பர் ஏற்றும் தொழிற்சாலையும் சுந்தரம் அய்யங்கார் தொடங்கியதுதான். தூக்கி எறிய வேண்டிய டயர் மறுபடியும் சாலைக்கு வந்தது.

மகள் சௌந்தரம்

தொழிலில் வெற்றி கண்டவரின் வீட்டில் ஒரு பெரிய துயரம் நேர்ந்தது. அவருக்கு ஐந்து ஆண் மக்கள், மூன்று பெண் மக்கள். அவர்களில் சௌந்தரத்துக்கு, அக்கால வழக்கப்படி சிறு வயதிலேயே கல்யாணம் நடந்தது. கணவர் டாக்டர். பிளேக் நோய் பரவியபோது அதற்குப் பலியானார். சௌந்தரம் இளம் வயதில் விதவையானார்.

அந்தக் காலத்தில் வைதிகக் குடும்பத்தில் இளம் விதவையின் கதி எல்லாருக்கும் தெரியும். மூலையில் உட்கார வேண்டியதுதான். ஆனால் சுந்தரம் அய்யங்கார் தம்பதி மகளை மூலையில் உட்கார வைக்கவில்லை. படிக்க வைத்தார்கள். டில்லியிலுள்ள லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1936இல் சௌந்தரம் டாக்டரானார்.

டில்லியில் காந்தியடிகளின் வட்டத்தோடு பழக்கம் ஏற்பட்டது. காந்தித் தொண்டரான ஜி.ராமச்சந்திரனைச் சௌந்தரம் மணக்க விரும்பினார். ராமச்சந்திரன் கேரளத்தவர், வேறு ஜாதி. விதவை மறுமணம், அதோடு கலப்பு மணம்! பெற்றோர் முதலில் இசையவில்லை. ஓர் ஆண்டு ஒருவரையொருவர் சந்திக்காமல் இருக்கும்படியும், அதற்குப் பிறகும் மனம் மாறாவிட்டால் ஆசி கூறுவதாகவும் காந்தியடிகள் சொன்னார். இருவரும் காத்திருந்தார்கள். மனம் மாறவில்லை. 1940இல் காந்தியடிகளின் ஆசியோடு மணம் நடந்தது. ஒரு நிமிடம் தவறாமல் பஸ் விட்ட வீட்டில், இந்த ஒரு பிரயாணத்துக்கு மட்டும் காத்திருக்க வேண்டியிருந்தது!

திண்டுக்கல் அருகே காந்திகிராமம் 1947இல் பிறந்தது. அதை உருவாக்கியவர்கள் இந்தத் தம்பதிதான். கிராமத்துப் பெண்களுக்கு வைத்தியம், ஏழைப் பிள்ளைகளுக்குப் படிப்பு என்று சௌந்தரம் வாழ்நாளைச் செலவிட்டார். பிற்காலத்தில் மத்திய சர்க்காரில் கல்வித் துறைத் துணை மந்திரியாகவும் இருந்தார். தந்தை சாலை வழியாகக் கிராமத்துக்குப் போனார். மகள் சேவை வழியாகப் போனார்.

சாவியைக் கொடுத்தார்

பெரிய தொழில் கட்டிய முதலாளிகள் பலர் கடைசி மூச்சு வரை சாவிக் கொத்தை விடமாட்டார்கள். சுந்தரம் அய்யங்கார் அப்படி இல்லை. பிள்ளைகள் தலையெடுத்துவிட்டார்கள் என்று தெரிந்ததும் பொறுப்பை அவர்களிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கினார். 1955ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் தேதி கொடைக்கானலில் உயிர் நீத்தார். அப்போது வயது 78.

அவர் கண்மூடுவதற்கு முந்தின ஆண்டே அமெரிக்க வண்டிக் காலம் முடிவுக்கு வந்துகொண்டிருந்தது. வண்டியை இங்கேயே செய்ய வேண்டும், வெளிநாட்டுப் பாகங்களைப் பூட்டி மட்டும் விற்கக் கூடாது என்று இந்திய சர்க்கார் 1953இல் முடிவு செய்தது. ஜெனரல் மோட்டார்ஸ் 1954இல் பம்பாய்த் தொழிற்சாலையை மூடியது.

கைகொடுத்த கம்பெனி போய்விட்டது. தொழில் படுத்துவிட்டதா? இல்லை. உதிரி பாகத்தின் அருமையைத் தந்தையிடம் கற்ற பிள்ளைகள், அந்தப் பாகங்களை இங்கேயே செய்யத் துணிந்தார்கள். 1960களின் தொடக்கத்தில் வண்டிச் சக்கரம், பிரேக், மின்சாரக் கருவி செய்யும் தொழிற்சாலைகள் சென்னையில் எழுந்தன. கடல் தாண்டி வந்த பொருள்கள் பாடியிலிருந்து வரத் தொடங்கின. ஆயிரக்கணக்கான தமிழர்களுக்கு வேலை கிடைத்தது.

1972இல் தமிழ்நாடு சர்க்கார் பஸ்களை நாட்டுடைமை ஆக்கியது. மதுரையில் டி.வி.எஸ். பஸ்கள் பாண்டியன் போக்குவரத்துக் கழகத்துக்குப் போயின. எந்த பஸ்ஸால் பெயர் வந்ததோ, அந்த பஸ்ஸே குடும்பத்தை விட்டுப் போயிற்று. அப்போதும் பெயர் போகவில்லை. 1980இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்தது. கார் வாங்க முடியாதவனுக்கும், மோட்டார் சைக்கிள் வாங்க முடியாதவனுக்கும் அது வாகனமாயிற்று. நெல் மூட்டை முதல் மாப்பிள்ளை வரை எல்லாவற்றையும் சுமந்தது.

செவர்லே என்ற பெயர் பிற்காலத்தில் மறுபடியும் இந்தியாவுக்கு வந்தது. 2017இல் விற்பனையை நிறுத்திக்கொண்டு திரும்பிப் போய்விட்டது. 1911இல் பிறந்த இரண்டு பெயர்களில் ஒன்று இப்போது நம் சாலைக்குப் பழசாகிவிட்டது. மற்றொன்று வயல் வரப்பு வரை போய்க்கொண்டிருக்கிறது.

சுந்தரம் அய்யங்கார் மோட்டாரைக் கண்டுபிடிக்கவில்லை. அதைக் கண்டுபிடித்தவர்கள் வேறு நாட்டார். அவர் செய்தது சிறிய காரியம் போலத் தோன்றும்: காலையில் சொன்ன மணிக்கு வண்டியை எடுத்தார், கெட்டுப்போனதைச் சரிசெய்து மறுபடியும் ஓட விட்டார். அதை ஒரு நாள் செய்வது எளிது. பல ஆண்டுகள், ஒரு நாளும் தவறாமல் செய்தார். அதனால்தான் மூன்று எழுத்தைச் சொன்னவுடன் நமக்கு நம்பிக்கை வருகிறது.